"முடிச்சைத் தேய்ச்சுராதீங்க தம்பி!" - ஸ்டூடியோவுக்குப் போன சுங்குடிப் புடவைகள்

காலை ஒன்பதரை மணிக்கு ஸ்டூடியோவுக்குள் நுழைந்தோம். முதல் படம் எடுக்கும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. அதற்குள் அக்கா என் காதில் மூன்று முறை கேட்டுவிட்டார். "எப்பத்தான் எடுக்க ஆரம்பிப்பாங்க?"

மதுரையில் வீட்டிலிருந்தபடியே சுங்குடிப் புடவை விற்பவர் அவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அக்கா என்றே வைத்துக்கொள்வோம். அக்கம்பக்கத்துப் பெண்கள் நான்கைந்து பேர் வீட்டு வேலைக்கு நடுவே முடிச்சுப் போட்டுக் கொடுக்கிறார்கள். சாயம் ஏறி வந்ததும் வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் படம் போட்டு விற்கிறார். ஆறு வருடங்களாக மொட்டைமாடிக் கொடிதான் அவருடைய ஸ்டூடியோ. மகளின் போன்தான் கேமரா.

போன தீபாவளிக்கு அனுப்பியதில் ஏழு புடவைகள் திரும்பி வந்தன. ஐந்து பேர் சொன்ன காரணம், "படத்துல பார்த்த கலர் இல்ல." மற்ற இரண்டு பேர், "இது பிரின்ட்தானே, இதுக்கா இந்த விலை?" என்று கேட்டிருக்கிறார்கள். கூரியர் செலவு போனதைக்கூட அக்கா தாங்கிக்கொண்டார். அந்த இரண்டாவது கேள்வியைத்தான் தாங்க முடியவில்லை.

சுங்குடி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. துணியை நகநுனியால் கிள்ளி, நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்குவார்கள். பிறகு நூலைப் பிரித்தால், கட்டிய இடத்தில் சாயம் ஏறாமல் புள்ளி நிற்கும். ஒரு புடவைக்கு இப்படி ஆயிரக்கணக்கில் முடிச்சுகள். மதுரை சுங்குடிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆனால் கடைகளில் சுங்குடி என்ற பெயரில் தொங்குவதில் பெரும்பகுதி அச்சுப்புள்ளிதான். கையில் எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். போன் திரையில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும், விலை மட்டும் பல மடங்கு கூடுதலாக இருக்கும். வாங்குபவர் கேட்கத்தானே செய்வார்?

"ஏஐ-ல போட்டா சூப்பரா வரும்மா" என்று மகள் ஒரு செயலியில் போட்டுப் பார்த்திருக்கிறார். அரண்மனைத் தூண், பின்னால் மயில் என்று அமர்க்களமாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் புள்ளிகளையெல்லாம் அச்சுக்குத்தியதுபோல ஒரே அளவு வட்டமாக்கிவிட்டது. எதை மறுக்க நினைத்தாரோ அதையே படம் சொன்னது. அன்றைக்குத்தான் காசு போனாலும் பரவாயில்லை, ஸ்டூடியோவுக்குப் போய்விடுவது என்று முடிவெடுத்தார். எனக்கும் ஸ்டூடியோ என்றால் பாஸ்போர்ட் சைஸும் "முகவாயைக் கொஞ்சம் தூக்குங்க"வும்தான் தெரியும். பொருள்களுக்கு எப்படி எடுப்பார்கள் என்று பார்க்க நானும் கூடவே போனேன்.

போனிலேயே பாதி வேலை

ஒரு வாரம் முன்பே புகைப்படக்காரர் போனில் அழைத்து அரைமணி நேரம் பேசினார். அவருடைய முதல் கேள்வி, "படத்தை எங்க போடப்போறீங்க?" என்பதுதான்.

அந்தக் கேள்வியில் காரணம் இருக்கிறது. அமேசான் போன்ற தளங்களில் முதல் படத்துக்கென்று சட்டதிட்டம் உண்டு. பின்னணி சுத்த வெள்ளையாக இருக்க வேண்டும், கணினிக் கணக்கில் ஆர்ஜிபி 255, 255, 255. பொருள் படத்தில் 85 சதவிகிதமாவது நிறைந்திருக்க வேண்டும். மேலே எழுத்தோ லோகோவோ கூடாது. பெரிதாக்கிப் பார்க்கும் வசதி வேண்டுமென்றால் நீளப்பக்கம் 1000 பிக்ஸலாவது இருக்க வேண்டும். இன்ஸ்டாகிராமுக்கு இதெல்லாம் இல்லை. அங்கே வெறும் வெள்ளைப் பின்னணி எடுபடாது. இரண்டுக்கும் சேர்த்து வேண்டுமென்றால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். படமெடுத்து முடித்த பிறகு சொன்னால், எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

அடுத்து, எத்தனை பொருள், ஒவ்வொன்றுக்கும் என்னென்ன கோணம் என்ற பட்டியல். அக்கா பால்கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினார்: முழுப் புடவை, முந்தி, கரை, மடித்து வைத்தது, புள்ளி கிட்டத்தில். எட்டுப் புடவைக்கு ஐந்தைந்து வீதம் 40 படங்கள்.

கட்டணத்தைப் படக்கணக்கில் பேசுபவர்கள் உண்டு, பொருள் கணக்கில் பேசுபவர்கள் உண்டு, அரைநாள், முழுநாள் என்று நேரத்துக்குக் கேட்பவர்களும் உண்டு. அக்காவுக்குப் படத்துக்கு 225 ரூபாய் வீதம் 9,000 ரூபாய். "ஒரு போட்டோவுக்கா?" என்று அவர் வாய்விட்டே கேட்டார். அந்தத் தொகையில் திருத்தும் வேலை சேர்ந்திருக்கிறதா, எத்தனை முறை திருத்தித் தருவார், பொம்மைக்கோ மாடலுக்கோ தனிக் கட்டணமா, எந்தத் தேதிக்குள் கைக்கு வரும் என்பதை மகள்தான் ஒவ்வொன்றாகக் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கினார். கெட்டிக்காரப் பெண்!

படம் எடுக்காத ஒன்றரை மணி நேரம்

ஸ்டூடியோ என்றதும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். ஒரு மாடி அறை. சுவரிலிருந்து தரைவரை வளைந்து இறங்கும் வெள்ளைக் காகிதம், அதனால் சுவரும் தரையும் சேரும் கோடு படத்தில் தெரியாது. குடைபோலவும் பெட்டிபோலவும் துணி மூடிய விளக்குகள். முக்காலியில் கேமரா, அதிலிருந்து ஒரு வயர் மடிக்கணினிக்கு.

வந்ததும் புடவைகளைப் பிரித்து ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். தொங்கும் நூலை வெட்டினார்கள். ஒட்டும் உருளையால் தூசி எடுத்தார்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒரு தலைமுடி படத்தில் கயிறு மாதிரி தெரியுமாம். கணினியில் நீக்கலாம்தான், ஆனால் உருளையால் ஒரு நொடியில் போவதை அங்கே பத்து நிமிடம் உட்கார்ந்து நீக்க வேண்டும்.

மடிப்புக்கோடு போவதற்காக உதவியாளர் நீராவி இஸ்திரியைக் கையில் எடுத்தார். அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்த அக்கா சட்டென்று எழுந்தார்.

"முடிச்சைத் தேய்ச்சுராதீங்க தம்பி! அப்புறம் பிரின்ட் மாதிரி ஆயிரும்!"

முடிச்சு இருந்த இடத்தில் துணி குட்டிக் கூம்புபோல எழும்பி நிற்கும். கையால் கட்டியது என்பதற்கு அதுதான் சாட்சி. சுருக்கம் என்று நினைத்து நீராவி காட்டினால் அது படிந்துவிடும். புகைப்படக்காரர் வந்து ஒரு புள்ளியை விரலால் தடவிப் பார்த்தார். "நல்லவேளை சொன்னீங்கக்கா" என்றவர், மடிப்புக்கோட்டில் மட்டும் துணியின் உள்பக்கமாகத் தூரத்திலிருந்து லேசாக ஆவி காட்டச் சொன்னார். அவருக்கு விளக்கைப் பற்றித் தெரிந்ததுபோல அக்காவுக்குப் புடவையைப் பற்றித் தெரியும். கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்தால் 9,000 ரூபாய்க்கு எட்டுப் பிரின்ட் புடவைப் படங்கள் கிடைத்திருக்கும்.

'பளிச்'தான் வில்லன்

பிறகு டியூப்லைட்டை அணைத்தார்கள், ஜன்னல் திரையை இழுத்து மூடினார்கள். டியூப்லைட், வெயில், ஸ்டூடியோ விளக்கு மூன்றுக்கும் நிறம் வேறு வேறு. நம் கண் அதைச் சரிக்கட்டிக்கொள்ளும், கேமரா தடுமாறும். ஒரே வகை வெளிச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு, புடவை முன்னால் சாம்பல் நிற அட்டை ஒன்றைப் பிடித்து ஒரு படம் எடுத்தார்கள். அந்த அட்டை கணினியில் சுத்தச் சாம்பலாகத் தெரியும்வரை சரிசெய்தால், மற்ற நிறங்களும் அதையொட்டிச் சரியாகும்.

முதல் புடவை மயில்கழுத்து நிறம். படம் திரையில் வந்ததும் அக்கா முகம் சுருங்கிவிட்டது. "நம்ம போன்லயே இதைவிடப் பளிச்சுனு வருமே."

புகைப்படக்காரர் பதில் சொல்லவில்லை. புடவையின் முந்தியைக் கையில் கொடுத்து, வாசல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வரச் சொன்னார். போனார், பார்த்தார், திரும்பி வந்து திரையைப் பார்த்தார். "இதுதான் சரி" என்றார் மெதுவாக.

போன் கேமராக்கள் பெரும்பாலும் நிறத்தைக் கொஞ்சம் தூக்கித்தான் கொடுக்கும். பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். அதோடு மொட்டைமாடி உச்சிவெயில், பக்கத்து வீட்டு மஞ்சள் சுவர் எல்லாம் சேர்ந்துகொள்ளும். திரும்பி வந்த ஐந்து புடவைகளின் கதை இதுதான். நுகர்வோர் பாதுகாப்பு மின் வணிக விதிகள் 2020-ன்படி, விளம்பரத்தில் காட்டிய தன்மை பொருளில் இல்லை என்றால் விற்றவர் அதைத் திரும்பப் பெற மறுக்க முடியாது. "நான் ஏமாத்தலையே" என்று அக்கா சொல்வது உண்மைதான். ஆனால் வாங்கியவர் நம்பியது படத்தை.

முதல் படம் சரியாக அமைய முக்கால் மணி நேரமானது. அடுத்த ஏழு புடவைகளையும் அதே கோணத்தில் முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு புடவைக்கு ஐந்து படமும் எடுத்துவிட்டு அடுத்ததற்குப் போவார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. எல்லாப் புடவையையும் ஒரு கோணத்தில் முடித்த பிறகுதான் விளக்கை நகர்த்துகிறார்கள். பார்த்துக்கொண்டிருப்பவருக்குக் கொட்டாவி வரும். ஆனால் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்து, குறை இருந்தால் அப்போதே சொல்லிவிடுங்கள். கரை கோணலாக இருந்தால் அங்கே ஒரு இழுப்பு போதும், வீட்டுக்குப் போய்ச் சொன்னால் இன்னொரு நாள் ஆகும். "அப்படியே இந்த மூணு பிளவுஸ் பிட்டையும்..." என்று அக்கா பையைத் திறந்தபோது, "அதைக் கடைசில பார்ப்போம்க்கா" என்றார் அவர் சிரித்தபடி. பார்க்கவே இல்லை! சாப்பாட்டு நேரத்தில் சாம்பார் சாத டப்பாவை அறைக்கு வெளியேதான் திறக்க விட்டார்கள்.

மூன்று மணிக்கு மேல் புள்ளிகளின் முறை. எதிரில் இருந்த விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரே ஒரு விளக்கைப் பக்கவாட்டில், துணியை உரசுவதுபோலத் தாழ்த்தி வைத்தார். நேர்வெளிச்சத்தில் தட்டையாகத் தெரிந்த துணி சட்டென்று மேடும் பள்ளமுமாக மாறியது. சாயங்கால வெயிலில் ஆற்றுமணலில் கால்தடம் எடுப்பாகத் தெரியுமே, அதேபோல. ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் ஒரு நிழல் விழுந்தது.

அப்போது அக்கா பைக்குள்ளிருந்து கைக்குட்டை அளவுத் துணி ஒன்றை எடுத்தார். சாயம் ஏறி, நூல் இன்னும் பிரிக்காத துண்டு. "இதைப் பாதி பிரிச்சு வச்சு எடுக்கலாமா தம்பி?" பட்டியலில் இல்லாத 41-வது படம். ஒரு பக்கம் நூல் சுற்றிய முடிச்சுகள், மறுபக்கம் அவை அவிழ்ந்து பூத்த புள்ளிகள், நடுவில் பிரிந்து கிடக்கும் நூல். அதற்கு அவர் காசு வாங்கிக்கொள்ளவில்லை.

பொடி பாட்டில், குத்துவிளக்கு என்றால்?

பாட்டிலில் அடைத்து விற்பவர்கள், சுருக்கமே இல்லாமல் லேபிள் ஒட்டிய புது பாட்டில் இரண்டையாவது கொண்டுபோக வேண்டும். ஊறுகாய் என்றால் மூடியோரத்து எண்ணெயைத் துடைத்திருக்க வேண்டும். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ-யின் 14 இலக்க எண், எடை, விலை எல்லாம் படிக்கும்படி லேபிளுக்கென்றே தனிப் படம் கேளுங்கள்.

பித்தளைதான் படாதபாடு படுத்துமாம். குத்துவிளக்கு ஒரு வளைந்த கண்ணாடி. விளக்கு, கேமரா, எடுப்பவரின் சட்டை வரைக்கும் அதில் தெரியும். அதனால் பொருளைச் சுற்றி வெள்ளை அட்டையும் மெல்லிய காகிதமும் கூடாரம்போலக் கட்டி, அதற்கு வெளியிலிருந்து வெளிச்சம் கொடுக்கிறார்கள். முழுக்க வெள்ளையாகிவிட்டால் உலோகம் என்றே தெரியாது என்பதால், ஓரத்தில் கறுப்பு அட்டை வைத்து ஒரு கோடு கொண்டுவருகிறார்கள். புளி போட்டுத் தேய்த்துவிட்டு வெறுங்கையால் தூக்கிப்போனால் கைரேகையும் படத்தில் வரும். பருத்திக் கையுறை நல்லது.

படம் யாருடையது?

பலரும் கேட்கத் தயங்குவது இதைத்தான். இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957-ன் 17-வது பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து எடுக்கப்படும் புகைப்படத்துக்கு அவர்தான் முதல் உரிமையாளர். ஆனால் வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரைதான் இது. அதனால் கையெழுத்து போடும் தாளில் "உரிமை ஸ்டூடியோவுக்கு" என்று ஒரு வரி இருக்கிறதா எனப் பாருங்கள். ஸ்டூடியோ தன் விளம்பரத்துக்கு உங்கள் படத்தைப் போட்டுக்கொள்ளலாமா என்பதையும் பேசிவிடுங்கள். கேமராவில் பதிவான மூலக் கோப்புகளைப் பெரும்பாலும் தரமாட்டார்கள், திருத்திய ஜேபெக் படங்கள்தான் வரும்.

ஐந்தாம் நாள் இணைப்பு வந்தது. அக்காவும் மகளும் இரண்டு வேறு போன்களில், எதிரில் புடவைகளைப் பரப்பிவைத்துக்கொண்டு பார்த்தார்கள். ஏழு சரி. அரக்கு மட்டும் ஒரு பிடி சிவப்பு தூக்கல். கத்திரிப்பூ, அரக்கு இரண்டும் கேமராவுக்குத் தகராறான நிறங்கள் என்று அவரே சொல்லியிருந்தார். திருப்பி அனுப்பினார்கள், சாயங்காலமே சரியாகி வந்தது.

வெள்ளிக்கிழமை காலை அக்கா படங்களை ஏற்றினார். முதலில் போட்டது அந்த 41-வது படம். பத்து நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் முதல் கேள்வி வந்தது.

"அந்த நூலோட இருக்கிற புடவை என்ன விலைக்கா?"

அது புடவையே இல்லை, கைக்குட்டை அளவுத் துணி என்று அக்கா பதில் டைப் செய்துகொண்டிருக்கும்போதே இன்னும் இரண்டு பேர் அதையே கேட்டுவிட்டார்கள்.