தேய்ந்த காசா, விலகி அடித்த காசா?

முதலாம் ராஜராஜனின் செப்புக்காசில் ஒரு பக்கம் நிற்கும் உருவம். மறுபக்கம் அமர்ந்த உருவம், அதன் கையருகே நாகரியில் 'ஸ்ரீ ராஜராஜ'. பல காசுகளில் ஓர் எழுத்தோ பாதமோ இருக்காது. உடனே 'தேய்ந்த காசு' என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் தேய்மானம் முதலில் மேடான இடங்களைத்தான் தின்னும்: முகம், தோள், முழங்கால். அவை எடுப்பாக இருந்து, விளிம்போரம் மட்டும் உருவம் அறுந்து நின்றால், சம்மட்டி விழுந்தபோது செப்புவில்லை அச்சுக்கு நேராக இல்லை என்று பொருள். இதுவே விலகிய அச்சடிப்பு.

விளிம்பை யாரோ வெட்டியிருக்கலாமே என்று கேட்கலாம். வெட்டியிருந்தால் எடை குறையும், வெட்டுத்தடமும் தெரியும். பொன்னும் வெள்ளியும் இருக்க, செம்புக்கு யார் மெனக்கெடுவார்? பச்சைப் படலத்தைச் சுரண்டிப் பளபளப்பாக்கிய காசில் மட்டும் இந்தச் சோதனை பலிக்காது. அங்கே மேடு எது, பள்ளம் எது என்பதே போயிருக்கும்.