பழைய காரின் பெட்ரோல் கலவை: லேப்டாப்பில் பார்க்கலாம்!

புதிய லேப்டாப்பில் படம் பார்த்தாகிவிட்டது; கேம்ஸும் விளையாடியாகிவிட்டது. வாசலில் நிற்கும் பழைய காருக்கும் அது உதவும் என்பது தெரியுமா? மைலேஜ் குறைகிறது, இன்ஜின் லைட் எரிகிறது என்று ஒர்க்ஷாப் போனால், “சென்சார் மாற்றணும்” என்ற பதில் வரலாம். பணம் செலவழிக்கும் முன் பத்து நிமிடம் நாமே பார்த்துவிடலாம்.

கலவை என்றால் என்ன?

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். கார்புரேட்டர் காலத்தில் மெக்கானிக் ஸ்குரூவைத் திருகி இதைச் சரி செய்வார். இன்ஜெக்‌ஷன் காரில் ஈ.சி.யூ. என்னும் சிறிய கம்ப்யூட்டர் இதைக் கவனிக்கிறது. சைலன்சர் பைப்பில் உள்ள ஆக்சிஜன் சென்சார் 0.1 முதல் 0.9 வோல்ட் வரை ஏறி இறங்கும். ஏறினால் பெட்ரோல் அதிகம். இறங்கினால் காற்று அதிகம். அதற்கேற்ப ஈ.சி.யூ. எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டியது, குறைத்தது என்ற கணக்குதான் ‘ஃப்யூயல் டிரிம்’.

முதலில் இதைக் கவனியுங்கள்

பி.எஸ். 4 விதி 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் மட்டும் வந்தது. நாடு முழுவதும் வந்தது 2017 ஏப்ரலில். ஓ.பி.டி. என்னும் தகவல் வசதி பி.எஸ். 4 கார்களுக்குத்தான் கட்டாயம். ஆகவே 2011ல் தூத்துக்குடியில் வாங்கிய காரில் அது இல்லாமல் இருக்கலாம். டாஷ்போர்டுக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருந்தாலும் அடாப்டருக்குப் பதில் தராமல் போகலாம். எனவே நண்பரின் அடாப்டரை இரவல் வாங்கிச் சோதித்த பின் வாங்கவும்.

வசதி இல்லாத காருக்குப் புகைப் பரிசோதனைச் சீட்டு உதவும். பி.எஸ். 2, 3 கார்களில் கார்பன் மோனாக்சைடு வரம்பு 0.5 சதவீதம். அதைத் தாண்டினால் பெட்ரோல் அதிகம் போகிறதா எனப் பார்க்கச் சொல்லவும்.

இணைப்பது எப்படி?

1. இ.எல்.எம். 327 வகை ப்ளூடூத் அடாப்டரைச் சாக்கெட்டில் செருகி, சாவியை ஆன் செய்திடவும்.
2. லேப்டாப்பின் ப்ளூடூத் செட்டிங்ஸில் அதனைத் தேர்ந்தெடுக்கவும். பாஸ்வேர்ட் கேட்டால் 1234 அல்லது 0000 தரவும்.
3. டிவைஸ் மேனேஜரில் ‘போர்ட்ஸ்’ பிரிவைத் திறந்து, காம் போர்ட் எண்ணைக் குறித்துக் கொள்ளவும். இரண்டு எண்கள் இருந்தால், ஒன்று வேலை செய்யாதபோது மற்றதைத் தரவும்.
4. ஸ்கேன்மாஸ்டர் போன்ற புரோகிராமில் அந்த எண்ணைத் தந்து கனெக்ட் செய்திடவும்.

இன்ஜின் நன்கு சூடான பின் ‘லாங் டெர்ம் ஃப்யூயல் டிரிம்’ பாருங்கள். கார் திறந்த வெளியில் நிற்கட்டும். மூடிய ஷெட்டில் புகை உயிருக்கே ஆபத்து.

எண் சொல்வது என்ன?

பொதுவாக மைனஸ் 10க்கும் பிளஸ் 10க்கும் இடையில் இருந்தால் கவலை இல்லை. இப்போது பங்க்குகளில் கிடைக்கும் இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் உள்ளது. அது எரிய சுமார் 13.5 பங்கு காற்றே போதும். எனவே எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்த காரில், பழுதே இல்லாமல் பிளஸ் 7, 8 காட்டக்கூடும்.

ஐட்லிங்கில் பிளஸ் 15, 20 காட்டி, 2500 ஆர்.பி.எம்.மில் குறைந்தால் எங்கோ காற்று கசிகிறது. ரப்பர் ஹோஸ்களைப் பார்க்கவும். ஐட்லிங்கில் சரியாக இருந்து, வேகத்தில் ஏறினால் ஃப்யூயல் ஃபில்டர் அல்லது பம்ப்பைச் சந்தேகிக்கலாம். மைனஸில் அதிகம் போனால் இன்ஜெக்டர் கசிவைப் பார்க்கச் சொல்லவும்.

சென்சார் வோல்ட் அசையாமல் ஒரே இடத்தில் நின்றால்தான் சென்சார் மீது சந்தேகம் வர வேண்டும். அப்போதும் அவசரப்படாதீர்கள். தூத்துக்குடி போல உப்பளமும் கடற்காற்றும் உள்ள ஊர்களில் கனெக்டர் பின்களில் பச்சை பூத்துவிடும். சாவியை ஆஃப் செய்து, இன்ஜின் ஆறிய பின் கனெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து பாருங்கள்.

ஈ.சி.யூ.வின் கணக்கை நாம் மாற்ற வேண்டியதில்லை. பழுதை நீக்கி, எரர் கோடை அழித்து, சில நாட்கள் ஓட்டிய பின் மீண்டும் பாருங்கள். எண் தானாகவே பூஜ்யத்தை நோக்கி வரும்.