மகனை உலகறியும், தந்தையை அறிவோமா?

அண்மையில் என் வகுப்பு மாணவர்களிடம், "முரளிதரன் யார்?" என்று வினவினேன். கேட்டு முடிக்குமுன்னரே எல்லாக் கைகளும் உயர்ந்தன. டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட்டுகளை வீழ்த்திய வீரர் என்று ஒருவன் கூறினான். 2010ஆம் ஆண்டு காலி மைதானத்தில் இந்திய அணிக்கெதிராக அந்த எண்ணிக்கையை எட்டினார் என்று மற்றொருவன் சேர்த்துக்கொண்டான். "நன்று. அவருடைய தந்தையார் என்ன தொழில் செய்தவர்?" என்றேன். வகுப்பு மௌனமாயிற்று.

அந்த மௌனமே இக்கட்டுரைக்குக் காரணம். பிள்ளையின் புகழை ஓயாது பேசும் நாம், அப்பிள்ளை காலூன்றி நிற்பதற்கு நிலம் அமைத்துக் கொடுத்தவரை எளிதில் மறந்துவிடுகின்றோம்.

கண்டி மாநகரிலிருந்து தென்னக்கும்புரப் பாலத்தின் வழியே மகாவலி கங்கையைக் கடந்து சென்றால் குண்டசாலையை அடையலாம். அப்பகுதியிலுள்ள நத்தரம்பொத்தையிலேதான் சின்னசாமி முத்தையா அவர்களின் குடும்பம் 'லக்கிலேண்ட்' என்னும் பெயரில் விசுக்கோத்துத் தொழிலை வளர்த்தது.

இக்குடும்பத்தின் கதை தேயிலையிலே தொடங்குகின்றது. முத்தையாவின் தந்தை பெரியசாமி சின்னசாமி, 1920ஆம் ஆண்டில் தென்னிந்தியாவிலிருந்து தோட்டத் தொழிலுக்காக இங்கு வந்தவர். பிற்காலத்தில் அவர் தம் பெண்மக்களுடன் தாயகம் திரும்பித் திருச்சிராப்பள்ளியில் குடியமர்ந்தார். முத்தையா உள்ளிட்ட ஆண்மக்கள் இலங்கையிலேயே தங்கினர்.

'தங்கினர்' என்று ஒரு சொல்லில் எழுதிவிடலாம். ஆனால் அது எத்தகைய காலம் என்பதை இளைஞர் அறிதல் வேண்டும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964இல் செய்துகொள்ளப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் வகுத்தது. எஞ்சிய 150,000 பேரை 1974ஆம் ஆண்டின் ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிட்டது. தகப்பன் அக்கரையிலும் பிள்ளை இக்கரையிலுமாக எத்தனையோ குடும்பங்கள் பிரிந்தன. அக்காலத்தில் இம்மண்ணை நம்பி ஒரு தொழிலைக் கட்டியெழுப்புவதற்குத் தனி மனத்துணிவு வேண்டும்.

விசுக்கோத்துத் தொழில் பார்வைக்கு எளிது. மாவும் சீனியும் கொழுப்பும் அளவாகக் கலந்து பிசைந்து, தகடாகத் தேய்த்து, அச்சினால் வெட்டிப் போறணையில் இடவேண்டும். சில விசுக்கோத்துகளின் மேற்புறத்தில் காணும் சிறு துளைகள் அழகுக்கென்று மட்டும் இடப்பட்டவை அல்ல. உள்ளே எழும் நீராவி வெளியேற அவை வழிசெய்கின்றன. இல்லையேல் விசுக்கோத்து உப்பிவிடும். வெந்ததை நன்றாக ஆறவிடாமற் பொதி செய்தால் ஈரம் தங்கி மொறுமொறுப்புக் கெடும். மழை மிகுந்த மலைநாட்டிலே இது நாளும் உள்ள கவலை. தீயை ஆளவும், ஆறும்வரை காத்திருக்கவும் தெரிந்தவனுக்கே இத்தொழில் கைகூடும்.

அந்தப் பொறுமைக்கு 1977ஆம் ஆண்டு ஆகஸ்டில் பெருஞ்சோதனை வந்தது. பொதுத்தேர்தலை அடுத்து மூண்ட இனக்கலவரம் மலைநாட்டையும் பற்றிக்கொண்டது. வன்முறைக் கும்பல் தொழிற்சாலைக்குத் தீயிட்டது, முத்தையா வெட்டுக்காயமுற்றார். மூத்த மகன் முரளிதரனுக்கு அப்போது வயது ஐந்து. இந்நிகழ்ச்சியைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்த முரளிதரன், தங்களைக் காப்பாற்றியவர்களும் சிங்கள மக்களே என்று நன்றியோடு கூறியிருக்கின்றார்.

காயம் ஆறிற்று, போறணையில் மீண்டும் தீ மூண்டது. முத்தையாவும் மனைவியார் இலட்சுமியும் நான்கு ஆண்மக்களையும் இங்கேயே வளர்த்தனர். வணிகர் வீட்டிலே மூத்தவன் கல்லாவில் அமர்வதுதான் வழக்கம். இவ்வீட்டிலோ மூத்தவர் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியிற் பயின்று, பந்தைக் கையிலெடுத்து மைதானத்துக்குச் சென்றார். தம்பியர் தொழிலைத் தாங்கினர்.

1995ஆம் ஆண்டு டிசம்பரில், மெல்பேண் மைதானத்தில், முரளிதரன் பந்தை எறிகின்றார் என்று நடுவர் ஏழு தடவை 'நோ போல்' அறிவித்தார். பல்லாயிரவர் முன்னிலையில் நேர்ந்த அந்த அவமானத்துக்குப் பின்னரும் அவர் பந்துவீசுவதை விட்டாரில்லை. எரிந்த தொழிலை மீண்டும் எழுப்பிய தந்தையைக் கண்டு வளர்ந்த பிள்ளைக்கு, வீழ்ந்தபின் எழுவதைப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை.

விளையாட்டிலிருந்து ஓய்ந்த முரளிதரன் இன்று குடும்பத் தொழிலின் வழியிலேயே நடக்கின்றார். இந்தியாவில், கர்நாடகத்தின் சாமராஜநகரிலே, பானங்களும் தின்பண்டங்களும் செய்யும் தொழிலில் அவர் பெருமுதலிடுவது 2024இல் அறிவிக்கப்பட்டது. கூலி தேடிப் பாட்டன் கடந்த கடலை, பலருக்கு வேலை கொடுக்கும் பொருட்டுப் பேரன் திரும்பக் கடந்திருக்கின்றார். அவ்விருவருக்கும் இடையே பாலமாக நின்றவர் குண்டசாலை வணிகரே.

அன்று மாணவர்களுக்கு ஒரு வீட்டுவேலை கொடுத்தேன்: "உங்கள் தந்தையாரோ பாட்டனாரோ செய்த தொழிலைப்பற்றி அவரிடமே கேட்டு, ஒரு பக்கம் எழுதி வாருங்கள்."

மறுநாள் ஒரு மாணவன் நான்கு பக்கங்கள் கொண்டுவந்தான். அவனுடைய பாட்டனார் நெடுங்காலம் தையற்காரராக இருந்து, இப்போது வீட்டில் ஓய்ந்திருப்பவர். "ஒரு பக்கந்தானே கேட்டேன்?" என்றேன்.

"தாத்தா நிறுத்தவேயில்லை, சேர். இதுவரை அவரிடம் யாருமே கேட்டதில்லையாம்" என்றான்.