வடு என்னும் சொல்

'ட்ராமா' என்ற சொல்லை இப்போது நம் கூட்டங்களிலும் அடிக்கடி கேட்கிறோம். 'மன அதிர்ச்சி' என்றும் 'மனக்காயம்' என்றும் அதைத் தமிழில் எழுதுகிறோம். கிரேக்கத்தில் அதற்குப் புண் என்பதுதான் பொருள். உடம்பில் படும் புண். மருத்துவர்களும் நெடுங்காலம் அப்படித்தான் அதைக் கையாண்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் ரயில் விபத்துகளில் தப்பியவர்கள் பலர், வெளிக்காயம் ஏதும் தெரியாமலேயே நடுக்கத்தாலும் தூக்கமின்மையாலும் அவதிப்பட்டார்கள். அதுபற்றிய விவாதங்களின் ஊடாகத்தான் அந்தச் சொல் மனத்தின் பக்கம் நகர்ந்தது. வியட்நாமிலிருந்து திரும்பிய படைவீரர்களின் துயரம் பேசப்பட்ட சூழலில், 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 'பேரதிர்ச்சிக்குப் பிந்தைய கோளாறு' என ஒன்றைத் தன் பட்டியலில் சேர்த்தது. நம்மை உறுத்துவது அந்தப் 'பிந்தைய'தான். தன்னை அடித்தவரின் வயலுக்கே மறுநாள் கூலிக்குப் போகிறவருக்கு எது முந்தையது, எது பிந்தையது?

தமிழில் புண் வேறு, வடு வேறு. புண் ஆறும், ஆறிய இடத்தில் நிற்பது வடு. 129ஆம் குறளில் தீ சுட்டதைப் புண் என்றும், நாக்கு சுட்டதை வடு என்றும் வள்ளுவர் பிரித்தே சொல்கிறார். ஆனால் வடுவுக்குக் குற்றம், பழி என்ற பொருளும் உண்டு. செங்கோன்மை அதிகாரத்தில், 549ஆம் குறளில், அந்தப் பொருளில்தான் வருகிறது. ஒரே சொல்லில் காயமும் களங்கமும் சேர்ந்திருப்பதை நாம் சாதாரணமாகக் கடந்துவிடக் கூடாது. வன்முறைக்கு ஆளான பெண்ணைத்தான் 'மானம் போனவள்' என்கிறது ஊர். கை நீட்டியவனுக்கு அந்த மாதிரி ஒரு சொல் கிடையாது.

கே.ஏ. குணசேகரன் தம் தன்வரலாற்றுக்கு 'வடு' என்று பெயரிட்டார். 2005இல் வந்த அந்த நூலின் தலைப்பில் இரண்டு பொருளையும் சேர்த்தே நாம் வாசிக்கிறோம். தழும்பு எழுதியவருடையது, பழியை ஊர்தான் சுமக்க வேண்டும். ('தலித்' என்பதன் வடமொழி வேரும் பிளத்தல், நொறுக்குதல்தான். ஆகவே 'உடைந்தவர்' என்பதைவிட 'உடைக்கப்பட்டவர்' என்று பெயர்ப்பதே நமக்குச் சரியாகப் படுகிறது.)

நாக்கு சுட்டதைச் சட்டமும் அறியும். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இழிவுபடுத்தும் பேச்சைக் குற்றமாக்கியது. ஆனால் அது பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும். நான்கு சுவருக்குள், வெளியார் இல்லாதபோது பேசியது இதில் அடங்காது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறியது. கதவைச் சாத்திக்கொண்டு சொல்லப்படும் சாதிப்பெயருக்கு, சொன்னவரும் கேட்டவரும் மட்டுமே சாட்சி.