கிண்ணம் பழசு, ரிசீவர் புதுசு: மௌனா கியா தொலைநோக்கியில் என்ன மாறியது?

ஹவாயின் மௌனா கியா மலையில், கடல்மட்டத்திலிருந்து 4,092 மீட்டர் உயரத்தில் நிற்கிறது ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் ரேடியோ தொலைநோக்கி. 15 மீட்டர் அகலமுள்ள அதன் கிண்ணம் 1987இல் வேலைக்கு வந்தது. கிண்ணம் அதேதான், ஆனால் அது குவித்துத் தரும் அலைகளை வாங்கிக்கொள்ளும் ரிசீவரை மாற்றிக்கொள்ளலாம். அப்படி 2019இல் வந்து சேர்ந்ததுதான் ‘நாமகனுயி’. கிரீன்லாந்து தொலைநோக்கிக்கு மாற்று ரிசீவராகத் தைவானில் உருவாக்கப்பட்ட இது, ஹவாய்க்கு வந்தது. இதில் மூன்று பிரிவுகள்: 86, 230, 345 கிகாஹெர்ட்ஸ். மூன்றுக்கும் ஹவாய்க் கடலில் இரவில் இரைதேடும் பெரிய கண் மீன்களின் பெயர்கள்.

எதைக் கேட்கிறது?

விண்மீன்கள் பிறப்பது மைனஸ் 260 டிகிரி செல்சியஸை ஒட்டிக் குளிர்ந்து கிடக்கும் வாயு மேகங்களுக்குள். அவற்றின் தூசியைத் தாண்டி ஒளி வெளியே வராது. ஆனால் அங்குள்ள கார்பன் மோனாக்சைடு மூலக்கூறு சுழலும்போது 230.5, 345.8 கிகாஹெர்ட்ஸில் மெல்லிய அலைகளை வெளியிடும். பின்னதன் அலைநீளம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. காற்றிலுள்ள நீராவி இவற்றை விழுங்கிவிடும் என்பதால்தான் வறண்ட மலையுச்சிக்கு ஏற வேண்டியிருக்கிறது.

எப்படிப் பதிவு செய்கிறது?

இவ்வளவு அதிக அதிர்வெண்ணை நேரடியாகப் பெருக்கி அலசுவது கடினம். சுருதி சற்றே விலகிய இரண்டு தம்புராக்களை மீட்டினால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் விம்மலாகக் காதில் விழுமல்லவா? ரிசீவர் செய்வதும் அதுவே. வானத்திலிருந்து வரும் 345.8 கிகாஹெர்ட்ஸ் அலையோடு, தானே உண்டாக்கும் 339.8 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கலக்கிறது. மிஞ்சுவது 6 கிகாஹெர்ட்ஸ். அதை மின்னணுக் கருவிகள் எளிதாகக் கையாளும்.

230, 345 பிரிவுகளில் இந்தக் கலவை நடக்கும் இடம் ஒரு மைக்ரோமீட்டர் அளவே உள்ள இணைப்பு: நியோபியத்தின் இரு படலங்கள், நடுவே சில அணுக்கள் தடிமனில் ஒரு காப்புப் படலம். நியோபியம் மீக்கடத்தியாக மாற வேண்டும், ரிசீவரின் சொந்த வெப்பம் இரைச்சலாகக் கலந்துவிடவும் கூடாது. எனவே மைனஸ் 269 டிகிரி வரை குளிர்விக்கிறார்கள்.

பழையதைவிட என்ன மேல்?

மேலே சொன்ன கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. 333.8 கிகாஹெர்ட்ஸில் வரும் அலையும் 339.8இலிருந்து 6 தள்ளியே இருக்கிறது. 230 பகுதியில் முன்பிருந்த ரிசீவரால் இப்படிப்பட்ட இரு பக்கங்களையும் பிரிக்க முடியவில்லை. தேவையற்ற பக்கத்தின் இரைச்சலும் சேர்ந்தே பதிவானது. நாமகனுயி இரண்டையும் தனித்தனியாகத் தருகிறது. பழையது அலையின் ஒரு தளவிளைவுத் திசையை, அதாவது அலை அதிரும் ஒரு திசையை, மட்டுமே வாங்கியது. புதியது இரு திசைகளையும் வாங்குகிறது.

இரைச்சல் பாதியானால், அதே தெளிவை எட்டக் கால்பங்கு நேரம் போதும். வானம் தெளிந்த இரவுகளுக்காக ஆய்வாளர்கள் வரிசையில் நிற்கும் தொலைநோக்கியில் இது பெரிய லாபம். எம் 87 விண்மீன் மண்டலத்திலுள்ள கருந்துளையின் படத்துக்காக 2017இல் பல தொலைநோக்கிகள் கூட்டாக இயங்கியபோது, இந்தத் தொலைநோக்கி ஒரு தளவிளைவை மட்டுமே பதிவுசெய்தது. கருந்துளையைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தை அறிய இரண்டும் வேண்டும்.

வெள்ளியின் வழக்கு

வெள்ளிக் கோளின் மேகங்களில் பாஸ்பீன் வாயுவின் தடயம் கிடைத்ததாக 2020 செப்டம்பரில் வானியலாளர் ஜேன் கிரீவ்ஸ் தலைமையிலான குழு அறிவித்தது. அந்த வாயு உயிர்களோடு தொடர்புடையதாக இருக்கலாம் என்பதால் உலகமே திரும்பிப் பார்த்தது. முதல் தடயம் இதே தொலைநோக்கியில் 2017இல் பழைய ரிசீவர் மூலம் கிடைத்தது. வெள்ளி மிகப் பிரகாசமான இலக்கு. அதனால் கருவிக்குள்ளேயே எழும் சிற்றலைகள் பதிவில் ஏறிவிடும். அவற்றைக் கணக்கிட்டு நீக்கிய பிறகு எஞ்சுவது பாஸ்பீனின் உண்மையான நிறமாலைக் கோடா, நீக்கிய முறையின் விளைவா என்பதே விமர்சகர்கள் எழுப்பிய கேள்வி. பின்னர் நாமகனுயி கொண்டு வெள்ளியை மறுபடி கவனித்தார்கள்.

விவாதம் ஓயவில்லை. ஆனால் சர்ச்சையில் பாதி வெள்ளியைப் பற்றியது, பாதி ரிசீவரைப் பற்றியது என்பது தெளிவு. அடுத்த முறை இப்படியொரு அறிவிப்பு வந்தால், எந்தத் தொலைநோக்கி என்று கேட்பதோடு எந்த ரிசீவர் என்றும் கேட்பது நல்லது.