மணக்கும் நஞ்சு

பீடி குடித்தால் புகை காட்டிக் கொடுத்துவிடும். மின் சிகரெட்டோ மாம்பழ மணத்துடன் பிள்ளையின் சட்டைப்பையில் பேனாவைப் போல் கிடக்கும். அதிலுள்ள திரவத்தை மின்கலம் சூடாக்க, நிக்கோட்டினோ கஞ்சாச் சத்தோ ஆவியாகி நுரையீரலை அடைகிறது.

2019ஆம் ஆண்டு அமெரிக்காவில் இத்தகைய ஆவியை உறிஞ்சிய பலர், பள்ளிப் பருவத்தினர் உட்பட, மூச்சுத் திணறி மருத்துவமனைகளில் வீழ்ந்தனர். 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் பாதிக்கப்பட, அவர்களுள் 68 பேர் மரணமுற்றனர். கள்ளத்தனமாக விற்கப்பட்ட கஞ்சாத் திரவத்தில் கலந்திருந்த 'வைட்டமின் ஈ அசிடேட்' என்னும் எண்ணெய்ப் பொருளே இதற்குப் பெரிதும் காரணம் என்று ஆய்வுகள் காட்டின. தோலில் பூசினால் தீங்கு செய்யாத அப்பொருள், மூச்சில் புகுந்தபோது நஞ்சாயிற்று.

இந்தியாவில் மின் சிகரெட் உற்பத்தியும் விற்பனையும் 2019இலேயே தடை செய்யப்பட்டன. ஆயினும் சட்டம் கடைவாசலோடு நின்றுவிடும். பிள்ளையின் மனத்தைப் பெற்றோரே அடைய இயலும்.

கஞ்சா அறிவை மயக்குவது, ஆகவே ஹராம். பாத்திரம் மாறியதால் தீர்ப்பு மாறாது. நிக்கோட்டினோ இளம் வயதினரை விரைவில் அடிமையாக்குவது. தன் உடலைத் தானே கெடுத்துக்கொள்ளவும் மார்க்கத்தில் இடமில்லை. உடல் இறைவன் தந்த அமானிதமன்றோ!

பெற்றோர்களே! பிள்ளையும் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே. வசைபாடி விரட்டாதீர்கள், அருகில் அமர்த்தி, அன்போடு விசாரியுங்கள். பழக்கம் முற்றியிருப்பின் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அல்லாஹ் நம் மக்களைக் காத்தருள்வானாக! ஆமீன்.