சுழலியின் நடுக்கத்தை அளப்பது எப்படி?

ஜொகூரின் குளுவாங், கூலாய் வட்டாரச் செம்பனை எண்ணெய் ஆலைகளில் நீராவிச் சுழலியே மின்சாரம் தருகிறது. அதன் பேரிங் தேய்ந்தால் முதலில் மாறுவது ஒலியும் அதிர்வும்தான். அதைக் கண்டறிந்த பழைய கருவி ஓர் இரும்புக் கம்பி. ஒரு முனையைப் பேரிங் உறையில் ஊன்றி, மறுமுனையைக் காதோரம் அழுத்துவார்கள். ஆலை இரைச்சல் காற்று வழியே வர, பேரிங்கின் ஒலி திடப்பொருள் வழியே நேராக வருவதால் தனித்துக் கேட்கும். நல்ல காதுக்கு இது போதும்; ஆனால் எண் கிடைக்காது.

எண்ணைத் தந்தது, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியர் ஹெர்மன் ஃபிராம் பரப்பிய நாக்குமானி. வெவ்வேறு அதிர்வெண்ணுக்குச் சுருதி சேர்த்த எஃகு நாக்குகள் அதில் வரிசையாக நிற்கும். நிமிடத்துக்கு 1500 சுற்று என்றால் நொடிக்கு 25. அந்த 25க்குரிய நாக்கின் வெள்ளை முனை மட்டும் ஒத்ததிர்வால் பட்டையாக விரியும். மின்சாரமே தேவைப்படாத அழகான ஏற்பாடு இது.

நடுக்கத்தின் அளவைக் காகிதத்தில் வரைந்தது அதிர்வுவரைவி. மென்சுருளில் தொங்கும் கனமான எடை நிலைமத்தால் அசையாது நிற்க, உறை மட்டும் இயந்திரத்தோடு ஆடும். அந்த வேறுபாட்டை ஊசி கோடாக்கும். நிலநடுக்கமானியின் தத்துவமும் இதுவே. எவ்வளவு நடுக்கம் ஆபத்து என்பதற்கு அமெரிக்கப் பொறியாளர் டி. சி. ராத்போன் 1939இல் வரம்பு அட்டவணை வெளியிட்டார்.

ஒலியை அளக்க மின்தேக்கி ஒலிவாங்கி வரவேண்டியிருந்தது. ஒலி மெல்லிய தகட்டை அசைக்க, மின்தேக்குத்திறன் மாறி, மின்னழுத்தமாக வெளிவரும். மலேசியாவின் 2019 இரைச்சல் விதிகள் தொழிலாளியின் அன்றாட வரம்பாக 85 டெசிபெலை வைத்துள்ளன.